பேலன்ஸ் வந்த பிறகு

சைக்கிள் கற்றுக்கொண்ட கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும். வாடகை சைக்கிள், குரங்கு பெடல், முழங்காலில் ரத்தம், பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அண்ணன். அவர் எப்போது கையை விட்டார் என்பது நமக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால், அவர் தூரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

எல்லாக் கதையும் அங்கேயே முடிந்துவிடும். பேலன்ஸ் வந்தாச்சு, அவ்வளவுதான்! அதற்கப்புறம் ரோட்டில் எப்படிப் போக வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஸ்கூட்டருக்கு எல்.எல்.ஆர். வாங்கணும், எட்டு போட்டுக் காட்டணும். சைக்கிளுக்கு ஒன்றும் வேண்டாம். முன்பெல்லாம் வில்லை இல்லையென்றால், விளக்கு இல்லையென்றால், டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள் என்ற பயமாவது இருந்தது.

அக்கா வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதை பிரிகிற இடத்தையும் தாண்டி இருக்கிறது. அக்கா மகளுக்கு ப்ளஸ் ஒன்னில் அரசு சைக்கிள் கிடைத்தது. டவுனில் பள்ளிக்கூடம். பாப்பாவுக்கு ஓட்டத் தெரியும். ஆனாலும் சைக்கிள் ஒரு மாசமாகத் திண்ணையில் பூட்டியே கிடந்தது.

“ஒரே லாரியா போவுது மச்சான். பொம்பளப் புள்ளய எப்படி அனுப்பறது? பஸ்ஸுலயே போவட்டும்” என்றார் அக்கா வீட்டுக்காரர்.

பஸ் என்றால் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸில் உட்கார முடியாது. கிளாஸ் முடிந்து பஸ்ஸைப் பிடித்து வீடு வருவதற்குள் இருட்டிவிடும். அதனால் கிளாஸே வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. சைக்கிளைப் பூட்டினால் கூடவே என்னவெல்லாம் பூட்டிக்கொள்கிறது பாருங்கள்!

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கிற பெண்கள்கூட சைக்கிளில் ஏறினார்கள். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தது. சைக்கிள் வீட்டுக்கே வந்துவிட்டது. ரோட்டுக்குப் போக வேண்டிய பாடம்தான் கூடவே வரவில்லை.

அக்கா வீட்டுக்காரரின் பயத்தையும் தப்பு சொல்ல முடியாது. 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது அரசாங்கமே வெளியிட்ட கணக்கு.

“ஒரு மாசம் குடுங்க மாமா. நீங்களே பார்த்துட்டு, சரின்னு பட்டா அனுப்புங்க” என்றேன். அரை மனசாகத் தலையாட்டினார்.

பௌர்ணமி இல்லாத நாட்களில், விடிகாலையில் கிரிவலப் பாதையில் கூட்டம் இருக்காது. அங்கேதான் ஆரம்பித்தோம்.

முதல் பாடம், ஓரம். நம் ஊரில் எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவது ‘ஓரமாப் போ’ என்பதைத்தான். அது பாதிதான் சரி. தாரும் மண்ணும் சேருகிற இடத்தில் பள்ளம் இருக்கும். சக்கரம் அதில் இறங்கி, பதற்றத்தில் சாய்வாக மேலே ஏற்றினால், தார் விளிம்பில் தேய்ந்து ஆளை ரோட்டுப் பக்கமே தள்ளிவிடும். அதனால் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு அடி உள்ளே, ஒரே கோடாகப் போகணும். வளைந்து வளைந்து போகிற சைக்கிள் எந்தப் பக்கம் வரும் என்று பின்னால் வருகிற லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, திரும்பிப் பார்ப்பது. புதிதாக ஓட்டுகிறவர்கள் தலையை வலது பக்கம் திருப்பினால் ஹேண்டில்பாரும் கூடவே வலதுபக்கம் போகும். நான் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். பாப்பா கோடு மாறாமல், திரும்பிப் பார்த்து எத்தனை என்று சொல்லணும். முதல் நாள் ‘மூணு’ என்று சொல்லிக்கொண்டே நடு ரோட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாளில் பழகிவிட்டது.

மூன்றாவது, பஸ்ஸும் லாரியும். நிற்கிற பஸ்ஸின் இடது பக்கம் நுழையவே கூடாது. லாரி இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்ளே அறுத்துக்கொண்டு வரும். “அந்தக் கண்ணாடியில டிரைவர் முகம் உனக்குத் தெரியலைன்னா, நீயும் அவருக்குத் தெரியலை. பின்னாலேயே நில்லு” என்றேன்.

ரோட்டைக் கடக்கச் சோம்பல்பட்டு, எதிர்த்திசையிலேயே வருகிற பிள்ளைகள் நிறைய. “எதிர்ல வர்ற வண்டி தெரியுமே, மாமா?” என்று கேட்டாள். தெரியும்தான். ஆனால் சந்திலிருந்து ரோட்டுக்கு ஏறுகிறவர் வலது பக்கத்தைத்தான் பார்ப்பார். தப்பான பக்கத்தில் வருகிற சைக்கிளை யார் பார்ப்பார்கள்? கடக்கப் பயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மற்றதெல்லாம் சில்லறை விஷயங்கள், ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது. துப்பட்டாவைச் சுற்றி முடிந்துகொள்ளணும். பையை ஹேண்டில்பாரில் மாட்டக் கூடாது. இரண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடிக்கணும். மழையில் ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது, முன்கூட்டியே பிடிக்க ஆரம்பிக்கணும். டைனமோ விளக்கு சைக்கிள் நின்றதும் அணைந்துவிடும், அதனால் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். ஹெல்மெட்டுக்குச் சட்டம் ஒன்றும் இல்லை, தலைக்குத்தான் தேவை. பாப்பா “எல்லாரும் சிரிப்பாங்க” என்றாள். “சிரிக்கட்டும்” என்று அக்கா வாங்கி மாட்டிவிட்டாள்.

பௌர்ணமியன்று ஒரு பாடம் மிச்சமிருந்தது. வெறுங்காலோடு ஜனங்கள் நடக்கிற பாதை. அங்கே அவள் பெல் அடித்து வழி கேட்டாள். “உனக்கு லாரி எப்படியோ, அவங்களுக்கு நீ அப்படி. இறங்கு” என்றேன். உடனே இறங்கிவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அக்கா வீட்டுக்காரர் ஒரு வாரம் மொபெட்டில் பின்னாலேயே போனார். எட்டாம் நாள் போகவில்லை. “கோடு போட்ட மாதிரி போறா மச்சான்” என்றார். ஸ்பெஷல் கிளாஸும் மறுபடி ஆரம்பித்தது. அந்த ரோட்டில்தான் எமலிங்கம் இருக்கிறது. “தினமும் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போறேன், மாமா” என்று சிரிக்கிறாள்.

அவள் பங்கைக் கற்றுக்கொண்டுவிட்டாள். மீதிப் பங்கு ஸ்டியரிங் பிடிக்கிற நம்மிடம் இருக்கிறது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் சைக்கிள் பெல் கேட்காது. சாயங்காலம் செங்கம் ரோட்டில் வந்தால், இடது பக்கம் ஒரு சைக்கிள் ஒரே கோடாகப் போய்க்கொண்டிருக்கும். ஹாரன் அடித்துப் பதற வைக்காமல் கொஞ்சம் தள்ளிப் போங்கள். இடமில்லையென்றால் அரை நிமிஷம் பின்னால் வாருங்கள்.

எங்கள் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம்.