அஞ்சலட்டையும் மின்னஞ்சலும்: சாவி யாரிடம்?

ஒரு காலத்தில் கீழப்பழுவூருக்கு ஓர் அஞ்சலட்டை வந்தால், அது உரியவர் கைக்குப் போவதற்குள் வழியில் யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். அதனால்தான் கடன் விஷயம், கல்யாண விஷயம் என்றால் இன்லேண்ட் லெட்டரில் எழுதி ஒட்டி அனுப்பினார்கள். குற்றத்தை மறைக்க அல்ல. அடுத்தவர் படிக்க வேண்டாம், அவ்வளவுதான்!

மின்னஞ்சல் வந்ததும் இந்த வித்தியாசம் மறந்துபோனது. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் 1 ஜிபி இடத்துடன் ஜிமெயிலை இலவசமாகக் கொடுத்தது. பதிலுக்கு, கடிதங்களில் உள்ள வார்த்தைகளைக் கணினி மூலம் அலசி விளம்பரம் காட்டியது. விளம்பரத்துக்காக அலசுவதை நிறுத்துவதாக 2017-இல் அறிவித்தது. ஆனாலும் சாதாரண ஜிமெயில் கணக்கின் சாவி இன்றும் அந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது.

மாற்று இல்லாமல் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ, 2008 முதல் விளம்பரம் இல்லாத மின்னஞ்சல் தருகிறது. 2025 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷாவே அதற்கு மாறினார். ஆனால் விளம்பரம் இல்லை என்பது வேறு, படிக்கவே முடியாது என்பது வேறு. இரண்டாவதைத் தருவது சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில். அங்கே சேமித்த கடிதத்தைப் பயனாளரின் கடவுச்சொல் இல்லாமல் அந்த நிறுவனமே திறக்க முடியாது.

கீழப்பழுவூர் மாணவர் ஒருவர் இதற்கு மாற நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி, கல்லூரி, தேர்வு விண்ணப்பம் எல்லாம் பழைய முகவரியில்தான் இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றும்வரை பழைய கணக்கை மூடக்கூடாது. கடவுச்சொல்லை மறந்தால் பழைய கடிதங்கள் போனது போனதுதான். மீட்புச் சொற்களைக் காகிதத்தில் எழுதி வைப்பது நல்லது. இன்னொன்று: ஜிமெயில் வைத்திருக்கும் நண்பருக்கு எழுதினால் அதன் நகல் ஜிமெயிலில் இருக்கும். கடிதத்தின் தலைப்பும், யாருக்குப் போகிறது என்பதும் அப்படிப் பூட்டப்படுவதில்லை. இன்லேண்ட் லெட்டரிலும் முகவரி வெளியேதானே இருந்தது!

சரி, இந்தப் பூட்டைக் கெட்டவர்கள் பயன்படுத்தினால்? நியாயமான கேள்வி. 2024 பிப்ரவரியில் சென்னையின் பல தனியார் பள்ளிகளுக்குப் புரோட்டான் மெயில் வழியாக வெடிகுண்டு மிரட்டல் வந்தது. கடைசியில் அது வெறும் புரளி. ஆனால் அன்று பெற்றோர் பட்ட பாடு புரளி அல்ல. அதன்பின் இந்தச் சேவையையே முடக்குவது பற்றி மத்திய அரசு ஆலோசித்தது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில், முடக்க நடவடிக்கை எடுக்கும்படி கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மிரட்டியவரைப் பிடிக்கத்தான் வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது. 2021-இல் சுவிஸ் அரசின் சட்டபூர்வ உத்தரவுக்குப் பணிந்து, ஒரு பயனாளரின் ஐபி முகவரியைப் புரோட்டான் கொடுத்தது. கடிதத்தின் உள்ளே இருந்ததை மட்டும் கொடுக்க முடியவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மொட்டைக் கடிதம் எழுதியவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு. அதற்காக இனி எல்லோரும் அஞ்சலட்டையில்தான் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே! யோசித்துப் பாருங்கள் நண்பர்களே...