ஒத்த நிறையும் ஒவ்வா வேகமும்

அளவில் ஒத்தவை பயனிலும் ஒத்திருக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. ஒரே நிறையுள்ள வெடிமருந்தை ஒரே வகையான தோட்டா உறைகளில் இட்டு, ஒரே நிறையுள்ள குண்டுகளைப் பொருத்தினால் அவை யாவும் ஒரே வேகத்துடன் செல்லும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆயின் அமெரிக்கா போன்ற நாடுகளில், தோட்டாக்களைத் தாமே நிரப்பி இலக்குச் சுடும் போட்டியாளர்கள் இவ்வெதிர்பார்ப்புப் பொய்த்துப்போவதைப் பலகாலும் காண்கின்றனர்.

இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாவதன்று, அளந்தே அறியவேண்டும். அதற்கு வழி வகுத்தவருள் முதன்மையானவர் பெஞ்சமின் றொபின்ஸ். 1707 இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த இக்கணிதவியலாளர், பீரங்கிக் கலை பற்றி 1742 இல் வெளியிட்ட நூலில் ஓர் ஊசலை விபரித்தார். குண்டு பாய்ந்ததும் பாரமான ஊசல் பின்னோக்கி அசையும். அசைந்த தூரத்தை அதனுடன் இணைந்த நாடா காட்டும். அத்தூரத்தையும் நிறைகளையும் கொண்டு, உந்தக் காப்பு விதிப்படி குண்டின் வேகம் கணிக்கப்படும்.

இவ்வாறு அளந்தபோது றொபின்ஸ் கண்ட உண்மைகளுள் ஒன்று ஈரலிப்புப் பற்றியது. உலர்ந்த காலத்திற் குண்டுக்குச் செக்கனுக்கு 1700 அடி வேகத்தை அளிக்கும் வெடிமருந்து, ஈரமான காலத்தில் 1200 அல்லது 1300 அடிக்கு மேல் அளிக்கமாட்டாது என அவர் எழுதினார். தராசு ஒன்றெனக் காட்டியதை ஊசல் வேறெனக் காட்டியது.

இன்றைய போட்டியாளர் தராசோடு அமைவதில்லை. உறையின் உட்கொள்ளளவு, அதன் கழுத்துக் குண்டைப் பற்றும் இறுக்கம், அடியிலுள்ள தீமூட்டி, மருந்தின் வெப்பநிலை ஆகிய அனைத்தையும் கருத்திற் கொள்வர். சராசரியையும் அவர்கள் எளிதில் நம்புவதில்லை. ஒருவரின் மூன்று குண்டுகள் செக்கனுக்கு 798, 800, 802 மீற்றர் வேகத்திலும், மற்றொருவரின் குண்டுகள் 770, 800, 830 மீற்றர் வேகத்திலும் சென்றன எனக் கொள்வோம். இருவர்க்கும் சராசரி 800 மீற்றரே. அண்மை இலக்கில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஆயிரம் மீற்றர்த் தொலைவிலோ மெதுவாகச் சென்ற குண்டு கூடிய நேரம் வானில் நின்று, கூடுதலாகத் தாழ்ந்து விழும். சராசரி மறைத்ததை நியம விலகலே வெளிப்படுத்தும்.

அளவீட்டின் பெருமை இதுவாயின், அதன் எல்லையையும் றொபின்ஸின் வாழ்விலேயே காணலாம். அவர் பிறந்தது போரை மறுக்கும் குவேக்கர் நெறி சார்ந்த குடும்பத்தில். வாழ்வின் இறுதியில் அவர் ஏற்ற பணியோ கிழக்கிந்தியக் கம்பனியின் கோட்டைகளைப் பலப்படுத்துவது. 1746 இற் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய சென்னை 1749 இற் கம்பனிக்கு மீண்டிருந்தது. 1750 இல் அங்கு வந்துசேர்ந்த அவர், அடுத்த ஆண்டே கூடலூரை அடுத்த சென்ற் டேவிட் கோட்டையிற் காய்ச்சலால் இறந்தார். குண்டு எவ்வேகத்திற் செல்லும் என்பதற்கு அவரது ஊசல் விடை தந்தது. அது எவரை நோக்கிச் செல்லும் என்பது ஊசலிடம் கேட்கக்கூடிய வினாவன்று. அதற்கு விடை தரவேண்டியவர் அதனை அளந்து பயன்கொள்ளும் மனிதரே.