சியோலில் முதல் நாள்: ரோட்டை இடித்து ஓடையை மீட்ட ஊர்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் வசிப்பவர்களுக்குக் கொரிய எழுத்து புதிதல்ல. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கிய பிறகு, வட்டமும் கோடுமாக எழுதிய ஹோட்டல் போர்டுகள் நம் கண்ணுக்குப் பழகிவிட்டன. அந்த எழுத்து பிறந்த நாட்டின் தலைநகரான சியோலுக்கு இந்த முறை குடும்பத்தோடு போனோம். உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கும் கணவர், ஆறாவது படிக்கும் மகள், மாமியார், நான். நாலு பேரும் ஒரு முழுப் பகலைச் சேர்ந்து கழிப்பதே எங்களுக்கு அபூர்வம்.

காலை: அரண்மனை

அங்கே நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். மெட்ரோ ரயிலில் கியோங்போக்குங் அரண்மனைக்குப் போனோம். கொரியப் பாரம்பரிய உடையான ஹன்போக் அணிந்து வந்தால் நுழைவுக் கட்டணம் இல்லை. பக்கத்துக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கிறது. மகள் ரோஸ் நிறப் பாவாடையில் இளவரசியாகிவிட்டாள். பத்து மணிக்குக் காவலர் மாறும் சடங்கு, முரசு முழங்க நடந்தது.

1395-ல் கட்டிய அரண்மனை இது. 1592 போரில் எரிந்து, 270 வருடத்துக்கும் மேல் பாழாகக் கிடந்து, 1867-ல் மீண்டும் எழுந்தது. ஜப்பானிய ஆட்சியில் பெரும்பகுதியை இடித்து, முன்புறம் ஆட்சித் தலைமையகத்தைக் கட்டினார்கள். கொரியர்கள் 1990-களில் அந்தக் கட்டடத்தை அகற்றிவிட்டார்கள். பழைய மண்டபங்களைக் கட்டம் கட்டமாகத் திரும்பக் கட்டிவருகிறார்கள்.

மதியம்: எழுத்தும் சாப்பாடும்

வெளியே குவாங்வாமுன் சதுக்கத்தில் மன்னர் செஜோங் சிலை. மக்கள் எளிதாகப் படிக்க 1446-ல் புதிய எழுத்தை அறிவித்தவர். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் அடங்கும். "நம்ம உயிர்மெய் மாதிரிதாம்மா!" என்றாள் மகள்.

சாதத்தின் மேல் காய்களை அடுக்கித் தரும் பிபிம்பாப் சாப்பிட்டோம். பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை "அப்பா!" என்று கூப்பிட, மாமியார் சட்டென்று திரும்பிப் பார்த்தார். கொரிய மொழியிலும் அப்பா, அப்பாதான்.

மாலை: ஓடை

சதுக்கத்திலிருந்து சற்று நடந்தால் சியோங்கேசியோன் ஓடை. கொரியப் போருக்குப் பின் கரையெங்கும் குடிசைகள், தண்ணீர் சாக்கடையானது. 1958-லிருந்து கான்கிரீட் போட்டு மூடினார்கள். பிறகு அதன் மேலே பறக்கும் சாலையும் வந்தது. 2003-ல் அந்தச் சாலையை இடிக்கத் தொடங்கி, 2005-ல் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் ஓடையைத் திறந்துவிட்டார்கள். அங்கே பிழைத்த சிறு வியாபாரிகள் பலர் எதிர்த்தார்கள். கடைகளை இழந்து இடம் மாறவும் வேண்டியிருந்தது.

மாமியார் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஊரில் பிறந்தவர். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார்.

"இம்மாம் பெரிய ரோட்டையா இடிச்சாங்க?" என்று கேட்டார்.

"ஆமாம் அத்தை. ஆனா இப்ப ஓடுறது பெரும்பாலும் ஆத்துலேர்ந்து மோட்டார் வெச்சு ஏத்துற தண்ணி" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ மூடாமலே இருந்திருக்கலாம்ல?"

ஏரிகள் மாவட்டம் என்று பெயர் எடுத்தது நம் காஞ்சிபுரம். தொழிற்சாலை மதில்களுக்குப் பக்கத்திலேயே இன்னும் ஏரிகள் இருக்கின்றன. மழை பெய்தால் அவை தாமாகவே நிரம்பும். மூடிவிட்டுத் திறக்க என்ன விலை என்பதைச் சியோல் காட்டிவிட்டது. திறந்திருப்பதைக் காப்பாற்ற அவ்வளவு செலவாகாது.

போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. மெட்ரோ, பஸ் இரண்டுக்கும் டி-மணி அட்டை போதும். சைவக்காரர்கள் கிம்ச்சியை விசாரித்துச் சாப்பிடுங்கள்; அதில் பெரும்பாலும் மீன் சாறு சேர்ப்பார்கள். ஓடைக்கு இருட்டும் நேரத்தில் போங்கள். விளக்கொளியில் பார்க்க அழகு, டிக்கெட்டும் கிடையாது.