சின்னத்தின் பின்புறம்

பாகான் டாலாமில் உள்ள நமது வீட்டின் அஞ்சடியில், ஞாயிற்றுக்கிழமை காலை வேளைகளில், ஒரு சிறு மேஜையும் அதன்மேல் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு காந்தத் துண்டும் இருக்கக் காணலாம். சட்டையில் குத்திக்கொள்ளும் பழைய சின்னங்களைச் சிலர் கொண்டுவருவர். இது அசல், இது போலி, இது அசலேயாயினும் கெட்டுப்போனது என்று நமக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புவோம். இதற்காக நாம் யாரிடத்திலும் காசு வாங்குவதில்லை. காசு வாங்கிய வாய்க்குப் "போலி" என்னும் சொல் சுலபத்தில் வராது என்பதைச் சில வியாபாரிகளைப் பார்த்தே தெரிந்துகொண்டோம்.

இவ்வித்தையை நாம் கற்றதே ஒரு குற்றத்தின் மூலமாகத்தான். நமது தகப்பனார் ரயில்வேயில் சிப்பந்தியாக இருந்தவர். எப்.எம்.எஸ்.ஆர். என்ற எழுத்துக்கள் பொறித்த தொப்பிச் சின்னம் ஒன்று அவரிடம் இருந்தது. ஐக்கிய மலாய் நாடுகளின் ரயில்வே என்பது அதன் பொருள். நாற்பதுகளின் இறுதியில் அப்பெயர் போய் மலாயன் ரயில்வே என்றாயிற்று. சிறுவனாயிருந்த நாம் ஒரு பொங்கலுக்குப் பித்தளைப் பாத்திரங்களோடு அச்சின்னத்தையும் சேர்த்து, புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பொன்போல ஆக்கிவிட்டோம். தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல வருஷங்கள் கழித்து ஜார்ஜ் டவுனில் சேகரிப்பாளர் ஒருவரிடம் அதைக் காட்டியபோது, "இதைக் குளிப்பாட்டியது யார்?" என்று கேட்டார். அன்றுதான் நமது தகப்பனாரின் மௌனம் நமக்கு விளங்கிற்று.

பித்தளையின்மேல் காலம் பூசிய பழுப்பு அழுக்கல்ல. அது அப்பொருளின் வயதுச் சீட்டு. எழுத்துக்களின் இடுக்கில் கறுத்தும், விரல் படும் மேட்டில் வழவழத்தும், ஊசியின் அடியில் பச்சைக் களிம்பு பூத்தும் இருந்தால், அது பல ஆண்டுகள் ஒருவர் மார்பிலும் பெட்டியிலும் கிடந்ததென்று கொள்ளலாம். தேயிலைச் சாறோ திராவகமோ பூசிப் பழசாக்கிய போலியில் பழுப்பு மேடென்றும் பள்ளமென்றும் பாராமல் எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கும். புளியிட்டுத் துலக்கிவிட்டாலோ அசலுக்கும் போலிக்கும் முகம் ஒன்றாகிவிடுகிறது. நமது பெண்மக்களின் சுத்தத்தை நாம் குறை சொல்லவில்லை. சின்னத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றே வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. ஒரு சின்னத்தைக் கொடுத்தால் ஜனங்கள் முதலில் அதன் முகத்தைப் பார்க்கிறார்கள். நாம் முதுகைப் பார்ப்போம். போலி செய்பவன் தன் சாமர்த்தியமெல்லாவற்றையும் முகத்திலேயே செலவழித்துவிடுவான். நீண்ட ஊசியும் அது சென்று மாட்டும் வளைந்த கொக்கியும் பழைய முறை. குட்டையான முள்ளும், அதைப் பின்னாலிருந்து கவ்வும் வண்ணத்துப்பூச்சி போன்ற பிடியும் இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கச் சேனையில் வழங்கிப் பின்னர் உலகெங்கும் பரவியவை. அதன்பின் விளிம்பு. அச்சில் அடித்த சின்னத்தின் கோடுகள் கத்திபோல் கூர்மையாயிருக்கும். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்த பிரதியிலோ கோடுகள் மழுங்கி, மணல் துளைகள் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் மயிரிழை குறையும். பிறகே வர்ணம். சூளையில் சுட்ட எனாமல் கண்ணாடி. ஊசி முனை அதில் இறங்காது. வெறும் சாயமானால் இறங்கும். இக்காலத்துப் பிசின் வர்ணம் கண்ணாடிபோல் பளபளத்து நம்மையே ஏமாற்றியதுண்டு. கடைசியாகக் காந்தம். பித்தளை காந்தத்துக்கு ஒட்டாது.

நிலை என்பது வேறு விஷயம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எனாமலில் மயிர்க்கீறல்கள் தெரியும். உடைந்த ஊசியைப் பற்றவைத்திருந்தால் ஈயத்தின் சாம்பல் நிறம் காட்டிக்கொடுக்கும்.

இது கிழவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணவேண்டாம். 1998-ம் வருஷம் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுக்கள் நடந்தபோது, வீரா என்னும் ஒராங் ஊத்தான் சின்னத்தை நம் வீட்டுப் பிள்ளைகளும் ஆவலோடு சேர்த்தனர். டிஸ்னி உல்லாசத் தோட்டங்களிலே 1999 முதல் சின்னம் மாற்றிக்கொள்ளும் வழக்கம் பெருகவே, போலிகளும் பெருகின. ஸ்கிராப்பர் என்று அவற்றைச் சொல்லுகிறார்கள். ஆனால் அங்கே ஏமாறுகிறவன் இழப்பது சில வெள்ளிகளே.

சென்ற மாதம் நம்மிடம் வந்தது அப்படிப்பட்டதல்ல. நம் தெருவிலே எழுபத்தெட்டு வயதான அம்மாள் ஒருவர் இருக்கிறார். நாம் அவரை அக்கா என்றே அழைப்பது. அவர் தம் பேரனோடு வந்து, மஞ்சள் துணியில் முடிந்திருந்த ஒரு சின்னத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். இந்திய தேசப்படம், அதன்மேல் மூவர்ணம். அவருடைய தகப்பனார் சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பர்மா வரை போய்த் திரும்பியவர். ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் சந்தையில் ஒரு வியாபாரி, நாம் அசலென்று எழுதிக்கொடுத்தால் நல்ல விலை தருவதாகச் சொன்னானாம். பேரனுக்குக் காலேஜ் சம்பளம் கட்டவேண்டும்.

1943-ம் வருஷம் ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இயக்கத்தின் தலைமையை ஏற்றதும், அக்டோபர் 21-ந் தேதி தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்ததும், தோட்டத்து ஆண்களும் பெண்களும் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்ததும் யாவரும் அறிந்ததே. 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் அப்படையின் தியாகிகளுக்கு நாட்டிய நினைவுக் கல்லை, செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தனர். கல்லுக்கே அக்கதியென்றால், தோட்டத்துக் கூலி தன் சட்டையிலிருந்த பித்தளைத் துண்டை என்ன செய்திருப்பான்? ஆகவே அசல் அருமை. அருமையானபடியால் போலி மலிவு. ஆசாத் ஹிந்த் பதக்கங்களை வியன்னா நகரில் செய்த சூவால் கம்பெனி, யுத்தம் முடிந்த பின்னரும் பிரதிகளை அடித்துத் தள்ளிற்று. ஜெர்மனியிலிருந்த இந்தியப் படையின் பாயும் புலியை, மலாயாவில் கிடைத்ததென்று விற்பவர்களும் உண்டு. மலாயாவில் பறந்ததோ இராட்டை பொறித்த மூவர்ணம்.

அக்காவின் சின்னத்தைப் பார்த்தோம். பள்ளங்களில் பழைய சிவப்பு எனாமல் உதிர்ந்து நிற்பதுபோலக் கண்டு சற்றே மகிழ்ந்தோம். ஊசியால் தொட்டதும் அது பொடியாய் உதிர்ந்தது. குங்குமம்! படத்துக்குமுன் வைத்து வெள்ளிதோறும் பொட்டு இட்டிருக்கிறார். பூஜைக்கு வந்தபின் ஒரு பொருளை எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. நாம் திருப்பினோம். இரண்டு குட்டை முட்கள்; வண்ணத்துப்பூச்சிப் பிடிகள். கோடுகள் மழுங்கியவை. வர்ணம் சாயம். யுத்தம் முடிந்து வெகுகாலத்துக்குப் பின் செய்த ஞாபகச் சின்னம் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாக்கு எழவில்லை என்பதை ஒளிப்பானேன்? பேரன் நம் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "ஐயா, ஒரு வரி எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான். நஷ்டம் வாங்குகிறவனுக்கு மாத்திரமல்ல. நாளை அது பொய்யென்று ஒருவன் கண்டால், அதைக் கொண்டே உன் பாட்டனார் போனதும் பொய்யென்று சொல்லுவான் என்றோம். அவன் தலைகுனிந்தான்.

அக்கா அழவில்லை. "அது எனக்குத் தெரியும் தம்பி" என்றார். நாம் திடுக்கிட்டோம். அவருடைய தகப்பனார் திரும்பிவந்த அன்றே அசலைத் தோட்டத்து ஆற்றில் எறிந்துவிட்டாராம். வயதான காலத்தில் எங்கோ நடந்த கூட்டத்தில் யாரோ இதைக் கொடுக்க, சாகும்வரை அதைச் சட்டையை விட்டு எடுக்கவில்லையாம். "அசலென்று சொன்னது இந்தப் பிள்ளை. நான் சொல்லவில்லை. போலியென்று நீ வாயால் சொல்லுகிறாயா என்று பார்த்தேன்" என்றார்.

ஒரு தாள் எடுத்து எழுதினோம்: வார்ப்புப் பித்தளை, சாய வர்ணம், யுத்தத்துக்குப் பிற்காலத்தது, முகப்பில் தேய்வு, பின்புறத்தில் வியர்வைக் களிம்பு, இரண்டும் இயற்கையானவை, நெடுநாள் அணியப்பட்டது. வைத்திருந்தவர் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தார் என்று அவர் மகள் கூறுகிறார். அக்கா அதைப் பேரனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, தகப்பனாரின் பெயரை மேலே, முதல் வரியில் எழுதவேண்டும் என்றார். வேறொரு தாள் எடுத்து அவ்வாறே எழுதிக்கொடுத்தோம். காலேஜ் சம்பளத்துக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.