மூன்று நிமிட மைக்கும் முந்நூறு அடிக் கடிதமும்



நான் குடியிருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மொத்தம் 351 ஊர்கள். நகரம், டவுன் என்று இரண்டு வகை. எந்தத் தெருவில் எத்தனை மாடி கட்டலாம், பள்ளிக்கு எவ்வளவு பணம், எந்தச் சாலைக்கு முதலில் தார் என்பதையெல்லாம் ஊரே முடிவு செய்கிறது. டவுன்களில் இந்த முடிவுகளை எடுக்கும் அவைக்கு டவுன் மீட்டிங் என்று பெயர். மக்கள்தொகை 6,000-க்குக் கீழே இருக்கும் ஊர்களில் பதிவு பெற்ற வாக்காளர் அத்தனை பேரும் அந்த அவையின் உறுப்பினர்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு நம் கிராம சபை நினைவுக்கு வரும். ஆனால் நம் ஊரில் கிராம சபை தீர்மானம் போட்டு மேலே அனுப்பிவிட்டுப் பெரும்பாலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இங்கே டவுன் மீட்டிங் ஒப்புக்கொள்ளாத வரவு செலவுத் திட்டம் ஒரு டாலருக்குக்கூடச் செல்லாது.

ஊர்கள் பெருத்தபோது எல்லோரையும் ஒரு மண்டபத்தில் உட்காரவைக்க முடியவில்லை. 1915-இல் புரூக்லைன் என்ற ஊர், வட்டாரத்துக்கு இத்தனை பேர் என்று தேர்ந்தெடுத்து அவைக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு பல ஊர்கள் அதைப் பின்பற்றின. அமெரிக்க விடுதலைப் போரின் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்ட லெக்சிங்டனில் இன்று 9 வட்டாரங்கள், வட்டாரத்துக்கு 21 உறுப்பினர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலை முடிந்து வந்து, இரவு வெகுநேரம் வரை உட்கார்ந்து, நிதிக்குழு அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். இவர்கள் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிறகு, கூட்டத்துக்கு நேரில் வந்து பேசுபவர்களுக்கு என்ன இடம்? சில காலமாக என் மனத்தைக் குடையும் கேள்வி இது. இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுப் படிப்பிலிருந்து வரவில்லை. விசாவிலும், பிறகு பச்சை அட்டைக்கான வரிசையிலும் பல ஆண்டுகள் கழித்தவன் நான். அந்தக் காலத்தில் எனக்கு வாக்கு இல்லை. ஆகவே என் வாக்கைக் கேட்டு யாரும் கதவைத் தட்டவில்லை. ஊராட்சியில் எனக்குத் திறந்திருந்த ஒரே வாசல், கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஒதுக்கும் மூன்று நிமிடம்தான். ஆம்ஹர்ஸ்ட், கேம்பிரிட்ஜ் போன்ற ஊர்கள், குடியுரிமை இல்லாதவர்களும் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்க அனுமதி வேண்டுமென்று மாநிலச் சட்டமன்றத்தைக் கேட்டன. அனுமதி கிடைக்கவில்லை. எனவே அந்த மைக்கைப் பறிக்க நினைப்பவர் எவராக இருந்தாலும் நான் எதிர்ப்பேன்.

அப்படிப் பறிக்கப் பார்த்த ஒரு சம்பவம் 2018 டிசம்பரில் சவுத்பரோ என்ற சிற்றூரில் நடந்தது. ஊரை நிர்வகிக்கும் செலக்ட் போர்டு, திறந்த கூட்டச் சட்டத்தை மீறியதாக முன்பே கண்டறியப்பட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டிப் பேச வந்த ஒரு பெண்மணி, பேச்சு முற்றி, போர்டு உறுப்பினர் ஒருவரை ஹிட்லர் என்று சொல்லிவிட்டார். வெளியேற்றுவோம் என்று மிரட்டினார்கள். பேசுபவர் மரியாதையாகவும் பணிவாகவும் பேச வேண்டும் என்பது அந்தப் போர்டின் விதி. வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: அந்த விதி செல்லாது. மக்கள் கூடிக் குறை தீர்க்கக் கேட்கும் உரிமை 1780-ஆம் ஆண்டின் மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அமைதியாகவும் ஒழுங்காகவும் கூட வேண்டும் என்றுதான் அது சொல்கிறது, நயமாகப் பேச வேண்டும் என்று சொல்லவில்லை. எத்தனை நிமிடம், எந்த நேரத்தில் என்று வரையறுக்கலாம். கோபத்தைத் தடை செய்ய முடியாது.

ஹிட்லர் பெயரை அப்படி வீசுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தீர்ப்பு சரி. ஒரு சிக்கல் மட்டும் அப்படியே நிற்கிறது. கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்கிற அந்தத் திறந்த கூட்டச் சட்டம், அவர்களைப் பேச அனுமதித்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. தலைவர் அனுமதித்தால் பேசலாம், அவ்வளவுதான். திட்டு வாங்கப் பயந்த போர்டு, கருத்துக் கேட்கும் நேரத்தையே எடுத்துவிட முடியும். கலிபோர்னியாவில் அது நடக்காது. அங்கே வழக்கமான கூட்டம் ஒவ்வொன்றிலும் மக்களைப் பேசவிட வேண்டும் என்பது சட்டம்.

மைக்கின் பக்கம் நிற்கும் நான், இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐன்ஸ்டைன், கிளிக், பால்மர் மூவரும் இம்மாநிலத்தின் 97 ஊர்களில் நடந்த கட்டட அனுமதிக் கூட்டங்களின் குறிப்புகளைத் தேடி எடுத்து, பேசியவர்கள் யார் என்று பார்த்தார்கள். 2019-இல் அது புத்தகமாக வந்தது. பேசியவர்கள் மற்ற வாக்காளர்களைவிட வயதானவர்கள், நீண்டகாலம் அங்கேயே இருப்பவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள். ஆண்கள் சற்று அதிகம். புதிய வீடுகளை ஆதரித்துப் பேசியவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம், எதிர்த்தவர்கள் 63 சதவீதம். அதே மாநிலத்தில், குறைந்த விலை வீடுகளுக்கு வழி செய்யும் சட்டத்தை நீக்கலாமா என்று 2010-இல் வாக்கெடுப்பு நடந்தபோது, வேண்டாம் என்று சுமார் 58 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். கொரோனா காலத்தில் கூட்டங்கள் ஜூமுக்கு மாறியபோது, கைக்குழந்தைக்காரர்களும் இரவு ஷிஃப்ட் ஆட்களும் வருவார்கள் என்று நான் பெரிதும் எதிர்பார்த்தேன். ஆய்வாளர்கள் அந்தக் கூட்டங்களையும் பார்த்தார்கள். பேசியவர்கள் பெரிதாக மாறவில்லை.

இதற்குச் சோம்பலையோ அக்கறையின்மையையோ காரணம் சொல்வது அநியாயம். அழைப்பு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். தனி அனுமதி தேவைப்படும் கட்டடம் என்றால், அந்த மனையை ஒட்டியவர்களுக்கும், 300 அடி எல்லைக்குள் அடுத்தடுத்து இருக்கும் மனைகளுக்கும் தபாலில் கடிதம் போக வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். வரிப் பட்டியலில் இருக்கும் உரிமையாளர் பெயருக்குத்தான் அந்தக் கடிதம். வாடகைக்கு இருப்பவருக்குக் கிடையாது. அவருக்கு நாளிதழில் வரும் பொடி எழுத்து விளம்பரம் இருக்கிறது. அதை யார் தேடிப் படிக்கிறார்கள்? நாங்கள் வாடகை வீட்டில் இருந்தபோது, எதிர்மனையில் என்ன வரப்போகிறது என்பது பள்ளம் தோண்டும் இயந்திரம் வந்து நின்ற பிறகே தெரிந்தது. அந்தக் கட்டடம் வந்தால் குடிவரப்போகிறவர் இன்னும் ஊருக்கே வரவில்லை. அவருக்கு எந்த முகவரிக்குக் கடிதம் போடுவது? அவருக்காகவும் யோசிக்க வேண்டிய ஆள் பிரதிநிதிதான்.

மில்டன் என்ற ஊரின் கதை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. ரயில், டிராம் நிலையங்களை ஒட்டி அடுக்குமாடி வீடுகளுக்கு இடம் விட வேண்டுமென்று 2021-இல் மாநிலம் சட்டம் போட்டது. 177 ஊர்களுக்கு அது பொருந்தும். 2023 டிசம்பரில் மில்டனின் தேர்ந்தெடுக்கப்பட்ட டவுன் மீட்டிங் விவாதித்து, அதற்கேற்ற திட்டத்தை நிறைவேற்றியது. எதிர்த்தவர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். 2024 பிப்ரவரி 14 அன்று ஊரே வாக்களித்தது. சுமார் 54 சதவீதம் பேர் அந்தத் திட்டத்தைத் தள்ளிவிட்டார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும், ஊர் கட்டுப்பட வேண்டும் என்றது. கூடவே, அந்தச் சட்டத்துக்காக மாநிலம் எழுதிய வழிகாட்டு விதிகள் உரிய நடைமுறைப்படி அறிவித்து வெளியிடப்படவில்லை, ஆகவே அவை செல்லாது என்றும் சொன்னது.

மில்டன் வாக்காளர்களை அறியாதவர்கள் என்று சிலர் இங்கே பேசுகிறார்கள். அது தவறு. மைக்கில் பேசிய சிலர் ஊரின் பெயரால் எதையும் தடுத்துவிடுவதும், ஊர் முழுக்க வாக்களித்துத் தடுப்பதும் ஒன்றாகாது. இரண்டாவதை மதித்தே ஆகவேண்டும். அதே சமயம், வீடில்லாத இளம் குடும்பங்கள் மாநிலம் முழுக்க இருக்கும்போது ஒரு ஊர் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது என்று மாநிலச் சட்டமன்றம் நினைத்ததும் சரியே. அந்தச் சட்டமன்றமும் மக்கள் தேர்ந்தெடுத்ததுதான். நம் ஊரிலும் குப்பைக் கிடங்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்று வரும்போது இதே முட்டல் எழுகிறது. அங்கேயும் பதில் சுலபமில்லை.

என் வட்டாரத்தில் ஓர் உறுப்பினர் இருக்கிறார், ஓய்வு பெற்ற ஆசிரியை. எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்ற மண்டல விதியில் ஒரு திருத்தம் வந்தபோது, பொதுக்கூட்டத்தில் பேசிய எல்லோரையும் கேட்டுக் குறிப்பெடுத்தார். பெரும்பாலோர் எதிர்த்தார்கள். மறுநாள் மாலை பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் துணி துவைக்கும் அறைக்குப் போய் உட்கார்ந்தார். இயந்திரம் ஓடி முடிக்கும் வரை யாருக்கும் வேறு வேலையில்லை, பேசினார்கள். வாடகை ஏற்றத்தால் பிள்ளைகளின் பள்ளியை மாற்ற வேண்டியிருக்கும் என்று பயந்த தாய், குடும்பத்தோடு வர வீடு கிடைக்காத மருத்துவமனை ஊழியர், எல்லோரையும் கேட்டார். கடைசியில் திருத்தத்தை ஆதரித்து வாக்களித்து, ஏன் என்று வட்டாரத்தார் அனைவருக்கும் இரண்டு பக்கம் எழுதினார். எதிர்த்தவர்களின் வாதங்களில் எது தன் மனத்தை மாற்றியது, எது மாற்றவில்லை என்பதும் அதில் இருந்தது. வடிகால் பற்றி அவர்கள் சொன்னதை ஏற்று ஒரு நிபந்தனையையும் சேர்க்க வைத்திருந்தார். அடுத்த தேர்தலில் வாக்குகள் குறைந்தன, ஆனாலும் ஜெயித்தார். பிரதிநிதி என்றால் நான் மனத்தில் வைத்திருப்பது இவரைத்தான். கூட்டத்தில் உயர்ந்த கைகளை எண்ணி அதன்படி நடப்பதற்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பத் தேவையில்லை.

ஆண்டு டவுன் மீட்டிங்கின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளைச் சேர்க்கப் பதிவு பெற்ற வாக்காளர் 10 பேர் கையெழுத்திட்டால் போதும் என்பது இம்மாநிலச் சட்டம் தரும் அருமையான வசதி. குடியுரிமை பெற்றபின் நான் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறேன். 300 அடிக்குள் இருக்கும் வாடகைதாரர்களுக்கும் கட்டட அனுமதிக் கூட்டக் கடிதம் போக வேண்டும், கூட்டமும் வரைபடம் இறுதியாகும் முன்பே நடக்க வேண்டும் என்பது மனு. யாருக்காக இதை எழுதினேனோ அவர்களில் பலருக்கு வாக்கு இல்லாததால் இதில் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே சொந்த வீட்டுக்காரர்களின் கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். புதுக் கட்டடங்களை எதிர்த்து மைக்கில் பேசும் ஒரு பெரியவர் முழுதும் படித்துப் பார்த்துவிட்டு, கடிதம் எல்லோருக்கும் போவதில் தவறில்லை, ஆனால் கட்டடத்தை எதிர்ப்பேன் என்று சொல்லிக் கையெழுத்திட்டார். வசந்தகாலக் கூட்டத்தில் மனு எடுத்துக்கொள்ளப்படும். முடிவை அடுத்த மடலில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கடல் கடந்த நண்பன்