பிறைற்றன் கடற்கரையும் பளிங்குக் குடையும்

இலண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றால், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிறைற்றன் நகரை அடையலாம். வெண்மணலை எதிர்பார்த்துச் சென்ற நாம், கரை முழுவதும் கூழாங்கற்களாய்க் கிடக்கக் கண்டு வியந்தோம்.

முன்னர் இது மீனவர் வாழ்ந்த சிற்றூர். கடல்நீரில் நீராடுவதும் அதனைப் பருகுவதும் சுரப்பி நோய்களைத் தீர்க்குமென, 1750ஆம் ஆண்டில் றிச்சர்ட் றசல் என்னும் வைத்தியர் இலத்தீன் மொழியில் நூலொன்று எழுதினார். அதன்பின் செல்வர்கள் இங்கு திரண்டனர். 1783இல் இளவரசர் ஜோர்ஜும் வந்தார். அவர் இங்கு அமைத்த இல்லத்தை, ஜோன் நாஷ் என்னும் கட்டடக் கலைஞர் 1815ஆம் ஆண்டு முதல் இந்தியப் பாணிக் குவிமாடங்கள் கொண்ட மாளிகையாக மாற்றியமைத்தார். வெளியே இந்தியக் கோலம். உள்ளே சீன அலங்காரம். இந்தியாவையோ சீனாவையோ அவ்விளவரசர் கண்டதில்லை!

1841இல் இலண்டனிலிருந்து புகையிரதப் பாதை வந்தது. சாதாரண மக்களும் கடல் காண வந்தனர். சனக்கூட்டத்தை விரும்பாத விக்டோரியா மகாராணியார் மாளிகையைக் கைவிட, 1850இல் அதனை நகரமே விலைக்கு வாங்கியது. 1883இல் ஓடத் தொடங்கிய சிறிய மின்சார இரயிலும், 1899இல் கடலுள் நீளக் கட்டப்பட்ட உல்லாசப் பாலமும் இன்றும் மக்களை மகிழ்விக்கின்றன.

ஆனால், அம்மாளிகை துயரமும் கண்டது. முதலாம் உலகப் போரிலே, பிரான்சுப் போர்முனையில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை அது வைத்தியசாலையாயிற்று. அரச சமையலறை சத்திரசிகிச்சைக் கூடமாக மாறியது. அவரவர் ஆசாரத்திற்கேற்ப ஒன்பது அடுக்களைகள் அமைத்தனர். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தண்ணீர்க் குழாய்களும் வெவ்வேறு.

பிறைற்றன் வைத்தியசாலைகளில் உயிர்நீத்த இந்து, சீக்கிய வீரர் ஐம்பத்துமூவரின் உடல்கள், நகருக்கு அப்பாலுள்ள பச்சம் குன்றின்மேல் தகனம் செய்யப்பட்டன. சாம்பர் கடலிலே கரைக்கப்பட்டது. 1921இல் அவ்விடத்தே வெண்பளிங்கு மண்டபமொன்று திறந்து வைக்கப்பட்டது. அதன் பெயர் 'சத்ரி'. குடை என்பது பொருள்.

வாகனம் செல்லாத ஒற்றையடிப் பாதையால் நாம் குன்றேறினோம். எட்டுத் தூண்கள், ஒரு குவிமாடம், சுற்றிலும் புல்வெளி, தொலைவிலே கடல். அருகே ஒரு கல்லில் ஐம்பத்துமூவரின் பெயர்களையும் வாசித்தோம். அப்பெயர்கள் அங்கு பொறிக்கப்பட்டது 2010இலேதான். வீரர் இறந்து ஏறக்குறைய தொண்ணூற்றைந்து ஆண்டுகளின் பின்!

மாளிகையைக் காண நாள்தோறும் கூட்டம் வருகிறது. நாம் சென்றபோது குன்றின்மேல் வேறெவரும் இல்லை. பிறைற்றன் செல்லும் நம்மவர், மாளிகையைக் கண்ட அன்றே இக்குன்றிலும் ஏறி, அப்பெயர்களை ஒருமுறை வாசித்து வருவார்களாக.