கிளிஃபோர்டு கோபுரம்

இங்கிலாந்தின் யார்க் நகர் நடுவே, வெற்றிவேந்தன் வில்லியம் எழுப்பித்த மண்மேட்டின் மீது, நான்கிதழ் மலரின் வடிவில் நிற்கும் கிளிஃபோர்டு கோபுரத்துப் படிகளில் ஏறும் பிரயாணியின் கண்ணில், மூன்றாம் ஹென்றி மன்னன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டுவித்த கற்சுவர்களின் கம்பீரமே முதலில் படும்.

ஆயினும், அதற்கு முன்பு அதே மேட்டிலிருந்த மரக்கோபுரத்தில், 1190ஆம் ஆண்டு மார்ச் மாதம், வெறிகொண்ட ஜனக்கும்பலுக்கு அஞ்சித் தஞ்சம் புகுந்த ஏறத்தாழ 150 யூதர்களில் பெரும்பாலோர் தம் குடும்பத்தாரையும் தம்மையும் தாமே மாய்த்துக்கொண்டனர் என்பதையும், அபயம் அளிப்பதாகச் சொன்ன வாக்கை நம்பி வெளிவந்த மற்றவரும் கொல்லப்பட்டனர் என்பதையும், பின்னர் அக்கொலைகாரர்கள் நகரத்துப் பெரிய தேவாலயத்துக்குச் சென்று, யூதரிடம் தாம் பட்ட கடன்களின் பத்திரங்களைத் தீக்கிரையாக்கினர் என்பதையும் அறிந்தபின், அந்தக் கம்பீரம் தந்த பிரமிப்பு எனக்கு நிலைக்கவில்லை.

மதத் துவேஷம் என்று சரித்திரம் பெயரிட்டழைக்கும் எத்தனை அக்கிரமங்களின் அடியில், தீர்க்க மனமில்லாத கடன் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறதோ!